ஊரிலை காணி வேண்டப் போனால் நான் வெளிநாட்டுக்காரனாம்: சட்டம், செலவு, அனுபவம்

கோப்பாய்ப் பெடியன் (ஸ்காபுரோ)

வணக்கம். கனநாளா வாசிச்சுக்கொண்டு போறன், எழுதுறது இதுதான் முதல்தரம்.

கோப்பாயிலை அம்மாவின்ரை சீதன வளவுக்கு முன்னாலை நாலு பரப்பு (பரப்பு எங்கடை ஊர் நில அளவு) காணி, ஒரு பழைய கல்வீட்டோடை விலைக்கு வந்திருக்கு. சொந்தக்காரர் இப்ப மெல்பேணிலை. இருநூறு லட்சம் கேட்கிறார். றோட்டுக்கு முகம் உள்ள காணி. எங்கடை வளவு அதுக்குப் பின்னாலை, ஒழுங்கையாலை சுத்தித்தான் உள்ளுக்குப் போகவேணும். அப்பாவுக்கு அந்த முன்காணியிலை ஐம்பது வருசமாக் கண்.

போன கிழமை ஊரிலை ஒரு சட்டத்தரணியோடை கதைச்சன். முதல் கேள்வியே, "தம்பி, நீங்கள் இப்ப எந்த நாட்டுப் பிரசை?" 1998இலை கனடாப் பிரஜாவுரிமை எடுத்தனான் எண்டன். "அப்ப உங்கடை பெயருக்கு அறுதி உறுதி (விலைக்கு எழுதுற பத்திரம்) எழுதேலாது, நீங்கள் வெளிநாட்டவர்" எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. அந்தப் பங்குக் கிணத்திலை குளிச்சு வளந்தவன் நான்.

மனிசியின்ரை தம்பி ஊரிலைதான் இருக்கிறார். "அத்தான், என்ரை பெயரிலை எழுதுவம், பேந்து பாப்பம்" எண்டுறார். நல்ல பெடியன். அப்பிடிச் செய்யலாமோ? உண்மையிலையே சட்டம் இப்பிடியோ? எல்லாம் சேத்து எவ்வளவு முடியும்? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

---

பொல்லுத்தடி

"மச்சான் நல்ல பெடியன்" எண்டு தொடங்கிற இழை எல்லாம் ரெண்டு வருசத்திலை "மச்சான் இப்பிடிச் செய்வான் எண்டு நினைக்கேல்லை" எண்ட தலைப்பிலை திரும்பி வரும். நான் இஞ்சை இருந்து பாக்கிறன்.

---

நொத்தாரிசு மகள் (யாழ்ப்பாணம்)

தம்பி, சட்டத்தரணி சொன்னது சரி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம். 2014 ஒக்டோபரில் நிறைவேறியது. ஆனால் 2013 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தே வலுவில் இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கம்பனி, ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள உள்ளூர்க் கம்பனி, யாருக்கும் காணியின் உரித்தை மாற்ற முடியாது. எழுதினாலும் அந்த உறுதி செல்லாது. 2004இலிருந்து வெளிநாட்டவர் வாங்கினால் காணிப் பெறுமதிக்குச் சமமாக நூறு வீத வரி என்றொரு ஏற்பாடு இருந்தது. காசு உள்ளவர்கள் கட்டிவிட்டு வாங்கலாம். இப்போது அந்த வாசலும் இல்லை.

நீங்கள் ஊரில் பிறந்தவரா என்பதைச் சட்டம் பார்க்காது. இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே இங்கத்தையது தானாக அற்றுப்போகும். யாரும் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். பழைய அடையாள அட்டை பேழையில் கிடப்பதால் கனபேர் தாங்கள் இன்னும் இலங்கையர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அடுக்குமாடி வீட்டை வெளிநாட்டவரும் வாங்கலாம், ஆனால் முழுத் தொகையும் உறுதி எழுத முதலே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 99 வருடம். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல முதல் ஒரு கேள்வி: அம்மாவின் வளவு இப்போது யார் பெயரில்?

---

வடலி (லண்டன்)

மச்சான் கதைக்கு நான் மறுமொழி சொல்லுறன், ஏன் எண்டால் எங்கடை வீட்டிலை நடந்தது.

மாமா பிரான்ஸ் பாஸ்போட். 2015இலை திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு, அக்காவின்ரை மகன்ரை பெயரிலை எழுதினவர். பெடியன் தங்கமான பிள்ளை, ஒரு சதம் ஏமாத்தேல்லை. 2019இலை மோட்டச்சைக்கிள் விபத்திலை போயிட்டான். வயது 31. மனிசியும் ரெண்டு குஞ்சுகளும். மரணசாசனம் இல்லை. வீடு சட்டப்படி அதுகளுக்குத்தான். பெடியன்ரை மனிசி "மாமா, நான் எழுதித் தாறன்" எண்டு அழுதுகொண்டு சொன்னவள். ஆனால் வயதுவராத பிள்ளையளின்ரை பங்கை எழுத நீதிமன்ற அனுமதி வேணும். நீதிமன்றம் கேட்கும், இந்தப் பிள்ளையளுக்கு இதாலை என்ன நன்மை எண்டு. என்ன சொல்லுறது? "இது என்ரை காசு" எண்டு மாமா போய் நிண்டால், சட்டத்தைச் சுத்திப் போகத்தான் பெயரை மாத்தி எழுதினன் எண்டு தானே ஒப்புக்கொண்ட மாதிரி. மாமா விட்டிட்டார்.

மச்சான் நல்லவராவே இருக்கட்டும். அவருக்குக் கடன் குடுத்தவன் நல்லவனோ? நாளைக்கு அவருக்கு வாற மனிசி? ஆளின்ரை குணத்தை நம்பலாம் தம்பி, ஆயுசை நம்பேலாது.

---

காவேரிக்கரை (பிராம்ப்டன்)

நான் திருச்சிக்காரன், ஆர்வத்துல படிக்கிறேன். எங்க பக்கம் வெளிநாட்டு குடியுரிமை வாங்கிட்டாலும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கிறது) இருந்தா வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடுதான் கூடாது. உங்க ஊர்ல அந்த மாதிரி அட்டை ஒண்ணும் இல்லையா? அப்புறம், பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்த்தீங்களா? வில்லங்கச் சான்று எடுத்தீங்களா?

---

மருதடி (உரும்பிராய்)

திருச்சி அண்ணை, இஞ்சை பட்டா எண்டு ஒண்டு இல்லை. உறுதி இருக்கும், தோம்பு இருக்கும். காணிப் பதிவகத்திலை அந்தக் காணிக்கு உரிய பக்கத்தைத் தேடி எடுக்கிறதைத்தான் "தோம்பு பாக்கிறது" எண்டுவம். உங்கடை வில்லங்கச் சான்று செய்யிற வேலையை இது அரைகுறையாச் செய்யும். அரசாங்கம் "இவர்தான் சொந்தக்காரர்" எண்டு கையெழுத்து வைச்சுத் தாறேல்லை. இன்னார் இன்னாருக்கு எழுதினதாப் பதிவு இருக்கு எண்டு மட்டும்தான் காட்டும். உரித்தையே பதியிற 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு, பிம்சவிய எண்டுவினம், சில மாவட்டங்களிலை நடக்குது. கோப்பாயிலை உறுதிதான் கதை.

ஓசிஐ மாதிரிப் பாதி அட்டையும் இல்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் முழு ஆள். வாக்கும் போடலாம். 2022இலை வந்த 21ஆம் திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்றத்துக்கு மட்டும் போகேலாது. கோப்பாய்ப் பெடியனுக்கு அந்த யோசினை இருந்தால் விடச் சொல்லுங்கோ.

---

நொத்தாரிசு மகள்

தோம்பைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஐயா ஐம்பது வருடம் நொத்தாரிசாக (உறுதி எழுதுபவராக) இருந்தவர். காணி வாங்க வருபவர்களிடம் விலையைக் கேட்க மாட்டார். "தாய் உறுதி எங்கை?" என்றுதான் முதலில் கேட்பார்.

இப்போது விற்கிறவருக்கு யார் கொடுத்தது, அவருக்கு யார், அவருக்கு முதல் யார் என்று குறைந்தது முப்பது வருடம் பின்னால் போகவேண்டும். எங்கள் பக்கம் சீதனம், நன்கொடை, முதிசம் என்று கை மாறி வந்த காணிகள்தான் கூட. எங்காவது ஒரு இடத்தில் "தகப்பன் இறந்தார், பிள்ளைகள் ஐவர்" என்று வந்து, அடுத்த உறுதியில் மூன்று பேர் மட்டும் கையெழுத்து வைத்திருந்தால், மற்ற இரண்டு பேரின் பங்கு இன்னும் அங்கேயே கிடக்கிறது. அந்த இரண்டு பேரும் இப்போது நோர்வேயிலோ டென்மார்க்கிலோ இருப்பார்கள். அவர்களுக்கே தெரியாது.

யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்குச் சட்டமான தேசவழமையில் இரண்டு விடயம். மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. (எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உறுதி எழுதும்போது என் உடன்பாட்டை யாரும் கேட்பதில்லை.) மற்றது முன்கொள்வனவு உரிமை. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட்டு அதே விலைக்குக் காணியை எடுக்கலாம்.

அதனால் அடுத்த கேள்வி: உங்களுக்கு விற்கிறவரின் உறுதியில் "பிரிபடாத" என்ற சொல் எங்காவது இருக்கிறதா?

---

கோப்பாய்ப் பெடியன்

அக்கா, உங்கடை கேள்வியை வாசிச்சிட்டு உடனை மெல்பேணுக்கு அடிச்சு உறுதியின்ரை படத்தை எடுத்து அனுப்பச் சொன்னன். மூண்டாம் பக்கத்திலை, எல்லை எல்லாம் எழுதி முடிய, "இதனுள் அடங்கிய நிலம், வீடு, பனை, வடலி, பயன்தரு மரங்கள் யாவற்றிலும் பிரிபடாத நாலில் மூன்று பங்கு" எண்டு கிடக்கு.

அவரைக் கேட்டால், "மிச்சக் கால் பங்கு சின்னமாமியின்ரை, அவ செத்து இருவது வருசம், ஆரும் கேட்கமாட்டினம்" எண்டுறார். அவவுக்குத் திருகோணமலையிலை ஒரு மகள் இருக்கிறாவாம்.

அம்மாவின்ரை வளவு இன்னும் அம்மா பெயரிலைதான். 1974ஆம் ஆண்டு சீதன உறுதி, ஆறு பரப்பு. அம்மாவும் இப்ப கனடாப் பிரசை.

---

மருதடி

பாத்தியளே! நாலு பரப்பு எண்டு சொல்லி மூண்டு பரப்பைத்தான் விக்கிறார். பரப்பு ஐம்பது லட்சம் எண்டு நீங்கள் நினைச்சது உண்மையிலை அறுபத்தாறரைக்கும் மேலை. அந்தத் திருகோணமலைப் பிள்ளையைத் தேடிப் பிடிச்சு ரெண்டு பேரும் சேந்து எழுதினால் மட்டும் காசு குடுங்கோ. இல்லையெண்டால் பங்கைப் பிரிச்சுத் தரக் கேட்கிற பிரிவிடல் வழக்கு. அது தொடங்கின ஆள் முடிவு பாக்கிறதில்லை.

சேவையரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து புதுப் படம் போடுங்கோ. பழைய உறுதியிலை லாச்சம், குழி எண்டு பழைய அளவு இருக்கும். கதியால் வேலி காலத்திலை எழுதின எல்லை. வேலி மதிலா மாறேக்கை ஆரின்ரை பக்கம் எத்தினை அடி போச்சுது எண்டு மதில் கட்டின மேசனுக்குத்தான் தெரியும்.

செலவைச் சொல்லுறன். நான் 2023இலை இரட்டைக் குடியுரிமையோடை வேண்டினவன். வடமாகாணத்திலை அறுதி உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இருநூறு லட்சம் எண்டால் 3,000உம் 796,000உம், ஆக 799,000 ரூபாய். நொத்தாரிசுக்கு நான் ஒரு வீதம் குடுத்தன், பேசித் தீர்க்கிற விசயம் அது. தோம்பு பாக்கிறது, பதிவு, சேவையர் எல்லாம் இதோடை ஒப்பிட்டால் சின்னக் காசு. தரகர் ரெண்டு பக்கத்திலையும் கேட்பார், முதலே வாயாலை இல்லாமல் எழுத்திலை பேசுங்கோ. பேந்து பிரதேச சபையிலை சோலை வரி (ஆதன வரி) பெயர் மாத்திறது, மின்சாரம், இப்பிடி. கையிலை விலைக்கு மேலை ஆறு ஏழு வீதம் வைச்சிருந்தால் மூச்சுவிடலாம்.

"உறுதியிலை விலையைக் குறைச்சுப் போடுவம், தீர்வை மிச்சம்" எண்டு ஆரும் சொன்னால் தலையை ஆட்டாதேங்கோ. மாகாண இறைவரியிலை மதிப்பீடு எண்டு ஒண்டு இருக்கு. அதோடை நாளைக்கு நீங்கள் விக்கேக்கை, வேண்டின விலை குறைவாக் காட்டினபடியால் ஆதாயம் கூடவாத் தெரியும், அதுக்கு வரி. மிச்சம் பிடிச்சதை விடக் கூடப் போகும்.

---

ஸ்காபுரோ மாமி

ஏன் ராசா இந்தக் கரைச்சல்? வெள்ளவத்தையிலை ஒரு பிளாட்டை வேண்டிப்போட்டு இருக்கலாமே. கடல் காத்து, கோயில், சாப்பாட்டுக்கடை எல்லாம் பக்கத்திலை. நுளம்பும் குறைவு.

---

நொத்தாரிசு மகள்

மாமி, பிளாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் அடுக்குமாடி ஆதனச் சட்டப்படி கட்டடத்துக்கு அடுக்குமாடி வரைபடம் பதிவாகி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். குடிபுகுந்து பத்து வருடமாகியும் வெறும் உடன்படிக்கைத் தாளோடு இருப்பவர்களை நான் அறிவேன். சாவி கையில் இருக்கிறது, வீடு அவர்கள் பெயரில் இல்லை.

---

சூரிச்சான்

காசு அனுப்பிற வழியைப் பற்றி ஒருதரும் கதைக்கேல்லை. எனக்குப் பட்டது அதிலைதான்.

உண்டியல்லை (வங்கி இல்லாமல் ஆள் கை மாத்தி அனுப்பிறது) போட்டால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, நாளைக்கு வீட்டை வித்தால் அந்தக் காசைச் சட்டப்படி திருப்பிக் கொண்டுவர உங்களிட்டை ஒரு கடதாசியும் இருக்காது. வங்கியிலை உள்முக முதலீட்டுக் கணக்கு எண்டு ஒண்டு திறக்கலாம். 2017ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழை வாறது. அதுக்குள்ளாலை காசு வந்து, அதிலையிருந்து காணிக்குப் போனால், விக்கேக்கை அதே கணக்காலை வெளியிலை எடுக்கலாம். வங்கிக்காரர் முதலிலை விளங்காத மாதிரிப் பாப்பினம். கிளையிலை விளங்காட்டில் தலைமையகத்துக்கு எழுதுங்கோ.

மற்றது, ரூபாயா மாத்தி வைச்சுக்கொண்டு காணி தேடாதேங்கோ. நான் 2021 கடைசியிலை டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு மாத்தி வங்கியிலை போட்டு வைச்சன். உறுதியிலை ஒரு பிழை, திருத்துவம் திருத்துவம் எண்டு நாள் போச்சு. 2022 மே மாதம் டொலர் 360. காணிக்காரர் விலையை ஏத்திப்போட்டார், என்ரை ரூபாய் அப்பிடியே கிடந்தது. மனிசி இண்டைக்கும் தேத்தண்ணி தரேக்கை ஞாபகப்படுத்துவா.

இருக்கிற நாட்டு வரியையும் பாருங்கோ. சுவிசிலை வெளிநாட்டு வீட்டையும் வருசா வருசம் காட்டவேணும். அதுக்கு இஞ்சை வரி கட்டாட்டிலும் மிச்சத்துக்கான வீதத்தைக் கூட்டும். கனடாவிலை ஒரு லட்சம் டொலருக்கு மேலை செலவிட்டு வேண்டின வெளிநாட்டு ஆதனத்தை ரி1135 படிவத்திலை காட்டவேணும். சொந்தப் பாவனைக்கு எண்டால் விலக்கு. ஆனால் வாடகைக்கு விடத்தான் வேண்டினது எண்டால் கதை வேறை.

---

மட்டுறுத்துநர்

"காணி வாங்க விற்க உடனே அழைக்கவும்" என்று தொலைபேசி இலக்கத்துடன் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாம் முறை கணக்கு மூடப்படும்.

---

நொத்தாரிசு மகள்

தம்பி, முதல் நாள் நான் சொல்லாமல் விட்டது இதுதான். 2014 சட்டம் தடுப்பது வெளிநாட்டவருக்கு உரித்து *மாற்றுவதை*. ஏற்கெனவே சொந்தமாக இருந்த காணியை அது பறிக்கவில்லை. அம்மா கனடாப் பிரசை ஆனாலும் 1974 சீதன வளவு இன்னும் அவருடையதே. காணி உரிமையாளரின் நெருங்கிய உறவினர் வெளிநாட்டவராக இருந்தாலும் நன்கொடையாகவோ, மரணசாசனத்தாலோ, சாசனம் இல்லாத வாரிசுரிமையாலோ அந்தக் காணியைப் பெறலாம் என்பது விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே பின்வளவை அம்மா உங்களுக்கு நன்கொடை உறுதியாக இன்றே எழுதலாம். அதற்கு உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை தேவையே இல்லை.

அதற்குத் தீர்வையும் குறைவு: முதல் 50,000க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம்.

இப்போது முடிச்சைப் பாருங்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பல வகுதிகள் இருக்கின்றன. 55 வயது தாண்டியவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், வங்கியில் குறிப்பிட்ட தொகை வைப்பிலிட்டவர் என்று. அதில் ஒன்று, இலங்கையில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஆதனம் வைத்திருப்பவர். பின்வளவு உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் அந்த உறுதியும் மதிப்பீட்டு அறிக்கையும்தான் உங்கள் தகைமை. பின்வளவைக் காட்டிக் குடியுரிமை, குடியுரிமையைக் காட்டி முன்காணி. மச்சான் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

அம்மாவுக்கு "சீவிய உரித்து" ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள். அவர் இருக்கும்வரை வளவின் அனுபவம் அவருக்கே. அப்பா இருக்கிறார் என்றால் அவருடைய சம்மதக் கையெழுத்து கட்டாயம். நீங்கள் நன்கொடையை ஏற்றுக்கொள்வதாகவும் கையெழுத்து வேண்டும், ஏற்காத நன்கொடை நிறைவாகாது.

---

கோப்பாய்ப் பெடியன்

அக்கா, ஆயுசு கூட. எனக்கு 49, லொறி ஓடுறன், சேட்டிபிக்கேற் ஒண்டும் இல்லை. வங்கியிலை வைக்கிற காசைக் காணிக்கு வைப்பம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன்.

ஆனால் வீட்டிலை இப்ப வேறை பூகம்பம். அப்பாவிட்டைக் கையெழுத்துக் கேட்டன். "அவளின்ரை சீதனத்துக்கு என்ரை கையெழுத்து என்னத்துக்கு" எண்டார். சட்டம் அப்பிடி எண்டன். "அப்ப ஐம்பது வருசம் ஏன் ஒருதரும் என்னட்டைச் சொல்லேல்லை" எண்டு கோவம். அம்மா சிரிக்கிறா. லண்டனிலை அக்காவுக்கும் செய்தி போட்டுது, "எனக்கு ஒண்டும் வேண்டாம்" எண்டு சொன்னவ. அவ சொன்ன விதம் சரியில்லை.

---

வடலி

அக்காவின்ரை பங்கை இப்பவே பேசுங்கோ. "ஒண்டும் வேண்டாம்" எண்டுறது எங்கடை சனத்திலை பேச்சுவார்த்தையின்ரை தொடக்கம்.

---

பொல்லுத்தடி

பின்வளவை இப்ப ஆர் பாக்கினம்? எத்தினை வருசமா? 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டப்படி உரித்தாளிக்கு எதிரா பத்து வருசம் தடங்கலில்லாமல் ஆண்டால் ஆண்டவனுக்குக் காணி. போர்க்காலத்திலை வரேலாமல் போன ஆக்களுக்காக 1983 மே 1இலையிருந்து 2009 மே 18 வரைக்கும் உள்ள காலத்தைக் கணக்கிலை எடுக்காமல் விட 2016இலை ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தவை. அதுக்கும் வழக்குப் போட ரெண்டு வருசம்தான் தந்தது. ஆருக்குத் தெரியும் இஞ்சை? நீங்கள் கேட்டுத்தான் அவர் பாக்கிறார் எண்டால் அதை எழுத்திலை வாங்கி வையுங்கோ. பழகின ஆளிட்டை எழுத்துக் கேட்கிறது வெக்கம் எண்டு விடாதேங்கோ.

2025 மார்ச் வர்த்தமானி ஞாபகம் இருக்கோ? வடக்கிலை ஏறத்தாழ 5,900 ஏக்கர், மூண்டு மாதத்துக்குள்ளை உரிமை கோராட்டில் அரச காணி எண்டு அறிவிச்சது. சனம் சத்தம் போட்டு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அரசாங்கம் அந்த வர்த்தமானியைத் திருப்பி எடுத்தது. உறுதியைச் சூட்கேசுக்குள்ளை வைச்சுக்கொண்டு வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் அண்டைக்குத்தான் தோம்பு பாக்க ஓடினவை.

---

கோப்பாய்ப் பெடியன்

ஏழு மாதத்துக்குப் பிறகு வாறன். கேட்டுத் தனிமடல் போட்ட எல்லாருக்குமாச் சேத்து எழுதுறன்.

அம்மாவும் அப்பாவும் ரொறொன்ரோவிலை இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய், கோப்பாயிலை இருக்கிற சித்திக்கு அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) எழுதிக் குடுத்தினம். பொது அற்றோணி வேண்டாம், அந்த ஒரு காணிக்கு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் எண்டு நொத்தாரிசு மகள் அக்கா தனிமடலிலை சொன்னவ, அப்பிடியே செய்தம். அது ஊரிலை பதிவாகி வரவே ரெண்டு மாதம். நான் லீவு எடுத்துக்கொண்டு போய் ஏற்பாளராக் கையெழுத்து வைச்சன். வளவை 180 லட்சமா மதிச்சவை, தீர்வை 360,500 ரூபாய். அம்மாவுக்குச் சீவிய உரித்து இருக்கு. அக்காவோடை பேசி முடிஞ்சுது. ஆறு பரப்பிலை ரெண்டு பரப்பு அவவுக்கு, கிணத்துப் பக்கம். (வடலி சொன்னது சரி.) அவவுக்குப் பேந்து தனியா எழுதுறதா, மரணசாசனத்திலை விடுறதா எண்டு இன்னும் கதை நடக்குது.

தோம்பு பாக்கேக்கை எங்கடை 1974 உறுதி பதிவிலை சரியா இருந்தது. வளவைப் பாக்கிற ஐயா எழுத்துத் தர ஒரு மறுப்பும் சொல்லேல்லை, "இவ்வளவு நாளும் ஏன் கேட்கேல்லை" எண்டார்.

இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம் போட்டாச்சு. 2015இலை திரும்பத் தொடங்கேக்கை இரண்டரை லட்சம் ரூபாயா இருந்த கட்டணம் இப்ப நல்லாக் கூடிப்போச்சு, போடுற ஆக்கள் திணைக்களத்தின்ரை பக்கத்திலை அண்டைய கணக்கைப் பாத்துப்போட்டுப் போடுங்கோ. பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலை அப்பாவின்ரை பெயர் ஒரு எழுத்துப் பிழை, அதுக்கு ஒரு சத்தியக்கடதாசி.

முன்காணிக்காரர் தை மட்டும் பொறுக்கிறன் எண்டிருக்கிறார். திருகோணமலை அக்காவைக் கண்டுபிடிச்சம், பள்ளிக்கூட ரீச்சர். தன்ரை பேரிலை அப்பிடி ஒரு பங்கு இருக்கிறது அவவுக்கே தெரியாது. சேந்து எழுதச் சம்மதம், ஆனால் ஐம்பது லட்சம் தனக்கு நேர வரவேணும் எண்டா. மெல்பேண்காரருக்கு முகம் சுருங்கிப்போச்சு. மச்சானுக்கு ஒரு கைத்தொலைபேசி வேண்டிக் குடுத்தன்.

ஒரு பிரச்சினை மட்டும். புது உறுதியை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கடைசியிலை "பங்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" எண்டு வருது. அப்பா எழும்பிப் போயிட்டார். இவ்வளவு காலமும் அரைவாசி எங்கடை எண்டுதான் முன்வீட்டுக்காரரோடை சண்டை பிடிச்சவராம்.

---

பொல்லுத்தடி

கிணத்துக்குத் தனி இழை திறவுங்கோ. ஐயாவையும் உறுப்பினராச் சேருங்கோ.